பெயிண்ட்டா, ஸ்டெயினா: மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மூன்று ஆண்டுகளுக்கு முன், வீட்டின் மரச்சாமான்களைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, ஒரே நாளில் இரண்டு டப்பாக்களை வாங்கி வந்தேன்: ஒன்று தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் வகை வெள்ளைப் பெயிண்ட், மற்றொன்று வால்நட் நிறத்தில், வெளிப்புறத்துக்கென்று செய்யப்பட்ட, எண்ணெய் வகை மர ஸ்டெயின். பெயிண்ட் ஜன்னல் சட்டங்களுக்கும், எம்.டி.எஃப் பலகையில் செய்த புத்தக அலமாரிக்கும் போயிற்று. ஸ்டெயின், கூரையில்லாத முற்றத்தில் கிடக்கும் மரப் பெஞ்சுக்குப் போயிற்று. உள்ளே இருக்கும் பைன் மர மேசைக்கு அதே நிறத்தில் உட்புற ஸ்டெயின் ஒன்றைப் பிறகு தனியாக வாங்க வேண்டியிருந்தது. இந்த மதிப்பீட்டை அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் பூசிய முதல் வாரத்தில் பெரும்பாலான பூச்சுகள் நன்றாகத்தான் தெரியும். எந்தப் பூச்சானாலும் அது எப்படிக் கெடுகிறது, கெட்டதைச் சரிசெய்ய எத்தனை நாள் பிடிக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுவதால், மூன்று மழைக்காலங்கள் கடந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

இரண்டும் நிறம் தருபவைதாம் என்றாலும், மரத்தோடு அவை கொள்ளும் உறவு வேறு. பெயிண்ட்டில் நிறமித் தூளும், அதைப் பிடித்து வைக்கும் பிசினும், காய்ந்ததும் பறந்துவிடும் தண்ணீரோ கரைப்பானோ இருக்கின்றன. காய்ந்தபின் மரத்தின் மேல் ஒரு தோல் போலப் படலம் நிற்கிறது. ஸ்டெயினிலும் நிறமியும் பிசினும் உண்டு, ஆனால் பிசின் மிகக் குறைவு. அது மரத்தின் துளைகளுக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது, மேலே எஞ்சியதை நாம் துணியால் துடைத்து எடுத்துவிடுகிறோம். நிறமிக்குப் பதில் கரைந்த சாயம் சேர்த்த ஸ்டெயின்களும் உண்டு. அவை இன்னும் ஆழமாக இறங்கும், நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளிறும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பேச்சு வழக்கில் பாலிஷ், வார்னிஷ், ஸ்டெயின் எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ஸ்டெயின் நிறத்தை மட்டும் தருவது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு அதன் மேல் வார்னிஷோ பாலியூரித்தேனோ அடித்தால்தான் பாதுகாப்பு. வெளிப்புற ஸ்டெயினில் மட்டும் தண்ணீரை ஒட்டவிடாத பொருள்களையும் பூஞ்சை தடுக்கும் மருந்தையும் சேர்த்திருப்பார்கள் என்பதால், அதற்கு மேல் பூச்சு வேண்டியதில்லை.

முதலில் ஜன்னல்கள். நான்கு ஜன்னல்களில் மூன்று இன்றும் அடித்த அன்றைக்கு இருந்ததுபோலவே இருக்கின்றன என்பதைப் பெயிண்ட்டுக்குச் சாதகமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை நிறத்தைத் தரும் டைட்டானியம் டையாக்ஸைடு சூரியனின் புற ஊதாக் கதிரை மரம்வரை போகவிடாமல் தடுத்துவிடுகிறது. அதனால்தான் மேற்குப் பார்த்த ஜன்னலில்கூட நிறமும் மங்கவில்லை, அடியிலிருக்கும் மரமும் வெடிக்கவில்லை. கெட்டது நான்காவது ஜன்னலின் கீழ்ச்சட்டம் மட்டுமே. இரண்டாம் மழைக்காலம் முடிந்த கையோடு, பக்கச் சட்டமும் கீழ்ச்சட்டமும் சேரும் மூலையில், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கொப்புளம் தென்பட்டது. நகத்தால் லேசாக அழுத்தியதும் அது உடைந்து, பெயிண்ட் ஒரு விரல் நீளத்துக்கு நாடாவாக உரிந்து கையோடு வந்தது. அடியில் மரம் கறுத்து, தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. மேலே பார்த்தால் பளபளவென்று வெள்ளை, அடியில் ஊறிய கட்டை.

இதற்குக் காரணம் பெயிண்ட்டின் தரமன்று, என் அவசரம்தான். சட்டத்தின் வெட்டு முனை, அதாவது ரம்பம் பட்டு நார்களின் வாய் திறந்திருக்கும் குறுக்குப் பகுதி, பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். மூட்டுக்குள் ஒளிந்திருந்த அந்த முனையில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு போகவில்லை. போதாக்குறைக்கு, மழை விட்ட இரண்டாம் நாளே, மரம் சரியாக உலருமுன் அடித்திருந்தேன். பெயிண்ட் அடிக்கும் மரத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தச்சு வேலை தெரிந்தவர்கள் அனைவரும் சொல்வது. முனை வழியாக உள்ளே போன தண்ணீர், வெளியேற வழியில்லாமல், வெயில் பட்டதும் ஆவியாகிப் படலத்தைத் தள்ளிவிட்டது. படலம் போடும் எந்தப் பூச்சுக்கும் இந்தக் குணம் உண்டு: தண்ணீரை வெளியே நிறுத்தும் அதே தோல், உள்ளே புகுந்த தண்ணீரையும் வெளியே விடாது. பழுது பார்க்க, உலரவிட்ட நாள்களைச் சேர்க்காமல், ஒன்றரை நாள் ஆயிற்று. தளர்ந்ததையெல்லாம் சுரண்டி, நல்ல பெயிண்ட்டின் விளிம்பு படிக்கட்டாகத் தெரியாதபடி உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, நான்கு நாள் உலரவிட்டு, முனைகளில் இரண்டு முறை பிரைமர் கொடுத்து, பிறகு இரண்டு பூச்சு. இத்தனைக்கும் பிறகு, வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஒட்டுப்போட்ட இடம் தெரியத்தான் செய்கிறது.

பெஞ்சின் கதை நேர்மாறானது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைப் புற ஊதாக் கதிர் சிதைப்பதால்தான், பூச்சில்லாத மரம் வெளியில் கிடந்தால் சாம்பல் நிறமாகிறது. மரத்தின் ரேகை தெரியும்படி அடிக்கும் ஸ்டெயினில் நிறமி குறைவு என்பதால், அந்தக் கதிரில் ஒரு பங்கைத்தான் அது தடுக்கும். ஆகவே ஒன்றரை ஆண்டில், உட்காரும் பலகைகள் வெளிறத் தொடங்கிவிட்டன. வெயில் அதிகம் படாத கால்களோ அப்படியே இருந்தன. நிறம் காக்கும் விஷயத்தில் ஸ்டெயினுக்கு நான் தாராளமாக மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் எங்கும் கொப்புளமில்லை, பொருக்கில்லை, உரியவில்லை. உரிவதற்கு அங்கே படலமே இல்லை. சோப்புத் தண்ணீரில் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, 80 எண் உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்து, ஒரு பூச்சு கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்ததோடு சரி. அரை நாள் வேலை. பழைய பூச்சும் புதிய பூச்சும் ஒன்றில் ஒன்று கலந்துவிட்டதால், எங்கே தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த மூன்றாண்டுகளில் இப்படி இரண்டு முறை செய்திருக்கிறேன்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், பெஞ்சுக்குச் செலவிட்டது இரண்டு அரை நாள்கள். கெட்டுப்போன ஒரே ஒரு ஜன்னலுக்கு ஒன்றரை நாள், மற்ற மூன்றுக்கும் சுழி. உழைப்புக் கணக்கில் எது வென்றது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஸ்டெயின் கேட்பதைச் சிறிது சிறிதாக, தவணை தவறாமல் கேட்கும். பெயிண்ட் பல ஆண்டுகள் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, கேட்கும்போது மொத்தமாகக் கேட்கும். ஆண்டுக்கொருமுறை பிரஷ் எடுக்க அலுக்காதவர்க்கு முதலாவது பொருந்தும். நான் அந்த ரகம் இல்லை என்றாலும், நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் தேயும் இடங்களில், குறிப்பாகத் தண்ணீர் தேங்கும் கிடைமட்டப் பலகைகளில், பெயிண்ட் அடிக்க இனி எனக்குத் துணிவில்லை.

இதே பெஞ்சில் ஒரு விஷப்பரீட்சையும் செய்தேன். மரத்தின் இயல்பான நிறமே அழகாக இருக்கிறதே என்று, ஒரு பக்கத்துக் கைப்பிடிக்கு மட்டும் நிறமில்லாத தெளிந்த வார்னிஷ் மூன்று பூச்சு கொடுத்தேன். ஓராண்டுக்குள் அது பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிட்டது. தெளிந்த பூச்சு வழியாகக் கதிர் நேராக மரத்துக்குப் போய், படலம் பற்றிக்கொண்டிருந்த மேல்நார்களையே சிதைத்துவிடுகிறது. பிடிமானம் போனபின் படலம் எப்படி நிற்கும்? கப்பல்களுக்கென்று வரும் வார்னிஷில் கதிர் தடுக்கும் சேர்மானங்கள் இருந்தாலும், அதையும் அடிக்கடி புதுப்பித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் மரத்துக்கு நிறமில்லாத பூச்சு என்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இனி மேசை. ஸ்டெயினின் அழகும் அடாவடியும் ஒருங்கே வெளிப்பட்டது இதில்தான். கடையின் நிற அட்டையில் பார்த்த வால்நட், ஓக் மரத் துண்டில் அடித்துக் காட்டியது. என் மேசை பைன். ஸ்டெயின் ஒளி புகும் பூச்சு என்பதால், கண்ணுக்குத் தெரியும் நிறம் ஸ்டெயினும் மரமும் சேர்ந்து தருவது. அதுவும் பைன் போன்ற மென்மரங்கள் ஓரிடத்தில் குடித்து ஓரிடத்தில் குடிக்காமல் விடுவதால், பூசிய அரை மணியில் பலகை முழுவதும் தேமல் படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. பர்ச், மேப்பிள் மரங்களுக்கும் இதே குணம் உண்டு. பெயிண்ட்டில் இந்தத் தொல்லை கிடையாது. டப்பா மூடியில் இருக்கும் நிறம்தான் மரத்திலும் வரும், அடியில் இருப்பது தேக்கா, பாழ்பலகையா என்று அது கேட்பதில்லை. எனக்கு வேறு வழியில்லாமல், மேற்பலகையை முழுக்க இழைத்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். இரண்டாம் முறை, ஸ்டெயினுக்கு முன்பு அடிக்கும் கண்டிஷனரைப் பூசித் துளைகளைப் பாதி நிரப்பிக்கொண்டேன். நிறம் ஓரளவு சீராக வந்தது, ஆனால் அட்டையில் பார்த்ததைவிட ஒரு படி வெளிறியே வந்தது. களிம்பு போன்ற கெட்டியான ஜெல் ஸ்டெயின் உள்ளே அதிகம் இறங்காமல் மேலோடு தங்குவதால், பைனுக்கு அதுவே பொருத்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த மேசையில் இன்னொன்றும் உண்டு. பலகைகள் ஒட்டியிருக்கும் வரிசையில், ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிறிய மூன்று புள்ளிகள். ஒட்டும்போது பசை பட்ட விரலோடு யாரோ பலகையைப் பிடித்திருக்கிறார்கள்; காய்ந்த பசை கண்ணுக்குத் தெரியாமல் துளைகளை அடைத்துவிட்டதால், அங்கு ஸ்டெயின் இறங்கவில்லை. மூன்று விரல் ரேகைகளும் இன்றுவரை மேசையில் இருக்கின்றன. பசையை மட்டுமல்ல, உப்புத்தாளைக் குறுக்கே ஓட்டிய கீறலையும், இழைப்புளி தடுமாறிய இடத்தையும் ஸ்டெயின் அடிக்கோடிட்டுக் காட்டும். பட்டி வைத்து நிரப்பிய ஆணித்துளை வேறு நிறத்தில் பல்லிளிக்கும். பெயிண்ட் இவையனைத்தையும் மூடிவிடும் என்பதால், தச்சு வேலை சுமாராக அமைந்த பொருளுக்கு ஸ்டெயின் அடிப்பது, இருக்கும் குறையை ஊருக்கு அறிவிப்பதாகிவிடும்.

ஆகவே ஸ்டெயினுக்கான உழைப்பில் பெரும்பகுதி டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 80 எண் தாளில் தொடங்கி, 120, பிறகு 180 என்று, மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். 220க்கு மேல் போனால் மரம் கண்ணாடிபோல் அடைபட்டு ஸ்டெயினைக் குடிக்காது. வெட்டு முனைகளை மட்டும் ஒரு படி நயமாகத் தேய்த்தால், அவை கன்னங்கரேலென்று கறுக்காமல் இருக்கும். தண்ணீர் வகை ஸ்டெயினாக இருந்தால், முதலில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பி நிற்கும் நார்களைத் தேய்த்துவிட வேண்டும். டப்பாவைக் குலுக்கக் கூடாது, அடியில் படிந்திருக்கும் நிறமியைக் குச்சியால் கிளறி மேலே கொண்டுவர வேண்டும். நான் சரியாகக் கிளறாததால், பெஞ்சின் முதல் இரண்டு பலகைகள் மற்றவற்றைவிட வெளிறியே போயின. துடைக்காமல் விட்டால் நிறம் கூடுமென்று நினைத்து மேசையின் ஒரு காலை அப்படியே விட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாகியும் வெல்லப்பாகுபோல் ஒட்டியது; டர்பன்டைன் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்த பிறகே விமோசனம். இதன் மேல் பாலியூரித்தேன் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே 220 தாளால் மெல்லத் தேய்ப்பு. எண்ணெய் வகை பாலியூரித்தேன் லேசான தேன் நிறம் சேர்க்கும். வால்நட்டுக்கு அது அழகு, வெளிறிய நிறங்களுக்கு அது கேடு.

புத்தக அலமாரி விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. எம்.டி.எஃப் என்பது மர நார்களைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை. அதில் ரேகையே இல்லாதபோது ஸ்டெயின் எதைக் காட்டும்? அதற்குப் பெயிண்ட்தான். வெட்டிய ஓரங்கள் மட்டும் பஞ்சுபோல் உறிஞ்சும் என்பதால், அங்கே பட்டியோ பிரைமரோ இருமுறை கொடுத்துத் தேய்த்துவிட வேண்டும். பிளைவுட் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் மேலிருக்கும் வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இயந்திரத்தால் தேய்க்கும்போது சற்றே அசந்தால் அடியிலிருக்கும் பசையடுக்கு வெளியே வந்துவிடும். ஸ்டெயின் அடித்தால் அது மறையாது.

அலமாரியில் பெயிண்ட்டின் மீது எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. தொட்டுப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. மறுநாளே புத்தகங்களை அடுக்கினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தடித்த அகராதியை இழுத்தபோது, சரக்கென்ற ஓசையோடு அட்டையின் அடிவிளிம்பு அலமாரியிலேயே தங்கிவிட்டது. அக்ரிலிக் பெயிண்ட் காய்வது வேறு, முற்றாக இறுகுவது வேறு. இறுகுவதற்கு மூன்று நான்கு வாரங்கள் பிடிக்கும், அதுவரை அழுத்தம் படும் இடத்தில் ஒட்டும். கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் காயும் நேரத்தைப் போட்டவர்கள், இதைப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் தள்ளியிருந்தார்கள். எண்ணெய் வகை எனாமல் கூடுதலாக இறுகும், பளபளப்பும் அதிகம், ஆனால் அதன் வெள்ளை வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும். அலமாரியின் உட்புறத்துக்கு அது ஆகாது.

எதை முதலில் அடிப்பது என்ற தயக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஸ்டெயின் அடித்த மரம் பிற்பாடு அலுத்துப்போனால், நன்றாகத் தேய்த்து, கறை தடுக்கும் பிரைமர் கொடுத்து, மேலே பெயிண்ட் அடித்துவிடலாம். ஒரு நாள் வேலை. பெயிண்ட் அடித்த மரத்தை ஸ்டெயினுக்குத் திருப்புவதோ, மருந்து போட்டு உரித்து, சுரண்டி, தேய்த்து, அப்படியும் துளைகளுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தங்கியதை ஊசியால் நோண்டுகிற வேலை. மனம் இரண்டுபட்டால் ஸ்டெயினில் தொடங்குங்கள். பழைய வீட்டுப் பெயிண்ட்டை உரிக்க நேர்ந்தால், அதில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்க்குமுன் சோதித்துவிடுவது அவசியம். இரண்டுக்கும் நடுவே, ரேகையை மறைக்கும் கெட்டி ஸ்டெயின் என்றும் ஒரு வகை உண்டு. மெல்லிய பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டால் போதும், அது உரியவும் செய்யும்.

எண்ணெய் வகை ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய் போன்றவை காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால். அப்போது வெப்பம் பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல், துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துப் போட்டு விறைப்பாகக் காய்ந்த பின்பே வீச வேண்டும். அக்ரிலிக் பெயிண்ட்டின் பிரஷ் தண்ணீரில் கழுவினால் போயிற்று. இந்த வசதிக்காகவே பலர் பெயிண்ட் பக்கம் சாய்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து மிச்சமிருப்பது பின்வாசல் கதவு. பழைய தேக்கு, நல்ல ரேகை, நேர்த்தியான மூட்டு, மேலே கூரை நீட்டம் இருப்பதால் வெயிலும் மழையும் நேராகப் படுவதில்லை. இதற்கு ஸ்டெயின் என்று முடிவு செய்துவிட்டேன். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், பூசுவதற்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். ஜன்னல் கற்றுக்கொடுத்த பாடத்தால், கதவின் அடி விளிம்பை விடப்போவதில்லை. கீலிலிருந்து கழற்றாமல் அங்கே பிரஷ் நுழையாது. கதவைத் தூக்க இன்னொருவர் வேண்டும் என்பதால், ஸ்டெயின் டப்பா இப்போதைக்கு மூடியபடி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.